ஓட்டையில்லாத கிண்ணம்

அந்த நர்சரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வடிகால்' என்றால் போதும், மண் கலக்குகிறவர்களில் இருந்து வண்டி ஓட்டுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் 'அண்ணன்' சேர்த்துக்கொள்வார்கள். யார் எந்தத் தொட்டியை நீட்டினாலும் மனுஷன் முதலில் செடியைப் பார்க்கமாட்டார். தூக்கி அடியைப் பார்ப்பார். ஓட்டை இருக்கிறதா, தண்ணீர் வடிய வழி இருக்கிறதா? இல்லையென்றால் ஆரம்பித்துவிடுவார்.

"இங்க பாருங்க, இது சக்குலன்ட். குடிக்க வேண்டியதையெல்லாம் தடிச்ச இலைக்குள்ளயே சேத்து வச்சிருக்கு. தினம் தினம் ஊத்தினா தாங்காது. ஊத்துற அன்னைக்கு நல்லா ஊத்துங்க, அடியில வடியிற வரைக்கும் ஊத்துங்க. வடிஞ்சு தட்டுல நிக்கிறதைக் கொட்டிடுங்க. அப்புறம் மறந்துடுங்க. மண்ணு அடிவரைக்கும் காஞ்ச பிறகுதான் மறுபடி. சந்தேகமா இருந்தா ஒரு குச்சியைக் குத்திப் பாருங்க. ஈரமா வந்தா இன்னும் நாள் இருக்கு."

கேட்டது விலை மட்டும்தான். ஆனால் கிடைப்பது இத்தனையும். ஒருவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்க வந்து, கால் மணி நேரம் வேரழுகலைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார் என்று கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பாவம், அவர் எப்படி நின்றாரோ!

முதலாளியம்மாவுக்கு இதில் வயிற்றெரிச்சல். "ஏங்க, செடி செத்தாத்தானே அடுத்த செடி வாங்க வருவாங்க? நீங்க பாடம் எடுத்து அனுப்பிட்டா எவன் திரும்பி வருவான்?" என்பாள். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கடையில் வெள்ளைக் கூழாங்கல் பொட்டலம் விற்பார்கள். ஓட்டையில்லாத சட்டியில் அடியில் கல்லைப் போட்டுவிட்டால் தண்ணீர் கல்லுக்குள் இறங்கிவிடும், வேர் பிழைத்துக்கொள்ளும் என்று பொட்டலத்தின் மேலேயே அச்சடித்திருக்கும். இவர் அதை வாங்க வருகிறவர்களிடமே, "கல்லுப் போட்டா தண்ணி எங்கம்மா போகும்? அங்கேயேதான் கிடக்கும். மண்ணுக்கு இன்னும் கிட்ட வந்து கிடக்கும்" என்று சொல்லித் தொலைத்துவிடுவார். பொட்டலம் அலமாரியிலேயே தூசி படிந்து கிடந்தது.

இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இருபத்திரண்டு வயதில் மண்மூட்டை தூக்க வந்தவர். நாற்பதில் முதுகு போயிற்று. பச்சை வலைக்குக் கீழே சின்னத் தொட்டிகள் அடுக்கிய நாலு மேசைகளைக் காட்டி, இனிமேல் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். செத்த செடிகளைக் குப்பையில் போடுவதும் அந்த வேலையில் சேர்ந்தது. மற்றவர்கள் தொட்டியோடு கவிழ்த்துவிட்டுப் போவார்கள். இவர் ஒவ்வொன்றையும் தட்டி வெளியே எடுத்து, மண்ணை உதறி, வேரைப் பார்ப்பார். தண்ணீர் இல்லாமல் செத்தது பத்தில் ஒன்றுகூட இருக்காது. மற்றதெல்லாம் கறுத்து, நூல்நூலாகக் கழன்று, மூக்கைப் பொத்த வைக்கும். பதினேழு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வந்தது.

தங்கியிருந்தது டயர்க் கடைக்கு மேலே ஓர் அறையில். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, துவைத்த சட்டை காயப்போட ஒரு கயிறு. காலையில் பூட்டும்போது நாற்காலி எப்படி இருந்ததோ, சாயங்காலம் திறக்கும்போதும் அப்படியே இருக்கும். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஒரு மனைவி இருந்தாள். சண்டையென்று பெரிதாக ஒன்றுமில்லை. "வீட்டுல நான் மட்டுமே பேசிக்கிட்டிருக்கேங்க" என்று ஒருநாள் சொன்னாள், மறுவாரம் அம்மா வீட்டுக்குப் போனாள், வரவில்லை. இவர் போய்க் கூப்பிடவும் இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா தூரத்திலிருந்து போன் பண்ணுவாள். உடம்பு எப்படி இருக்கு, நல்லா இருக்கு, அங்க மழையா, இங்க இல்ல, சரி வச்சுடட்டுமா. அவ்வளவுதான். செடியைப் பற்றிப் பேசவில்லை என்றால் அவருக்குப் பேச ஆளே இல்லை. இதை அவர் ஒருநாளும் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை, நான்தான் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட ஆள், வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஓதுகிற அந்தப் பேச்சை ஒரே ஓர் ஆளிடம் மட்டும் சொல்லாமல் மறைத்தார்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதல் தடவை வந்தபோது துணிப்பையிலிருந்து துண்டில் சுற்றிய வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். ரோஜாப்பூ அடுக்குமாதிரி இலை வைக்கிற சின்னச் செடி அது. கீழ் இலைகள் கண்ணாடிபோல நிறம் செத்து, தொட்டாலே உதிர்ந்தன. தண்டு அடியில் கறுத்துவிட்டது.

"இதே மாதிரி ஒண்ணு வேணும்ணா. இதே அளவுல, இதே நிறத்துல. இந்தக் கிண்ணத்துலயே வச்சுக் குடுத்துடுங்க."

இவர் கிண்ணத்தைத் தூக்கினார். கல்லாகக் கனத்தது. அடியைப் பார்த்தார். ஓட்டை இல்லை. சரி, ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று வாயெடுத்தார்.

"சாப்பிட்டீங்களாண்ணா?" என்றாள் அந்த அம்மா. "மணி ரெண்டரை ஆகுது. முகமெல்லாம் வாடிக் கிடக்கே."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாப்பிட்டாயா என்று எல்லாரும் எல்லாரையும் கேட்கிறதுதான், அதில் என்ன இருக்கிறது என்பீர்கள். கேட்பார் இல்லாத ஆளிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும். "இன்னும் இல்லம்மா" என்று முணுமுணுத்தார். "முதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் இங்க உக்காந்திருக்கேன், எனக்கு என்ன அவசரம்?" என்று அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் நிஜமாகவே போய் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். புதுச் செடியைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார். அவள் கேட்டைத் தாண்டிப் போன பிறகுதான், அடடா, ஒன்றுமே சொல்லவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த முதல் தடவை நிஜமான மறதி. அதற்கு அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

இருபத்து நாலு நாள் கழித்து மறுபடி வந்தாள். அதே கிண்ணம், அதே கறுத்த தண்டு. இந்தத் தடவை அவருக்கு மறக்கவில்லை. ஆனால் அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, தன் வீட்டுக் குழாய் சொட்டுவதையும் அதைச் சரிபண்ண வந்தவன் இன்னொரு குழாயையும் சேர்த்து உடைத்துவிட்டுப் போனதையும் சொன்னாள். இவர் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அடுத்த மேசையில் வேலை செய்தவன் தொட்டியைக் கீழே போட்டான். பிறகு அவள் கேட்டாள், இவர் சொன்னார். அக்காவைப் பற்றி, முதுகைப் பற்றி, போன மனைவியைப் பற்றிக்கூட. முழுசாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும், 'அம்மா, இந்தக் கிண்ணத்துல ஓட்டை இல்ல' என்கிற வார்த்தை நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. சொன்னால் செடி பிழைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் இருக்கும். வருஷக்கணக்கில் இருந்தால் இந்த அம்மா எதற்கு இங்கே வரப்போகிறாள்? மென்று விழுங்கிவிட்டார்.

தப்புதான். நான் அவருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

மூன்றாம் தடவை வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் கணவர் இரண்டு வருஷம் படுத்த படுக்கை. புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம் இவள் ஒருத்தி கைதான். அப்படியும் போய்விட்டார். வெளியூரில் இருக்கிற மகள், அம்மா தனியாக இருக்கிறாளே என்று இந்தச் செடியை வாங்கிக் கொடுத்து, "இதை யாராலயும் சாகடிக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் செடியைக் காட்டு என்பாளாம். செத்தது தெரியக்கூடாதே என்றுதான் இதே நிறம், இதே அளவு.

"தினம் காலையில ரெண்டே ரெண்டு ஸ்பூன்தாண்ணா ஊத்துறேன். அதுக்கு மேல ஒரு சொட்டு இல்ல. வாடினா இன்னும் ஒரு ஸ்பூன். அப்படிப் பாத்துப் பாத்து வளத்தும் நிக்க மாட்டேங்குது." தன் வலதுகையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "ராசியில்லாத கைண்ணா இது. இது தொட்ட எதுவும் தங்காது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு அவர் மேலே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வாக்கியம்! ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த வாக்கியம்தானே ஐயா அது?

நாலாம் தடவை செய்ததுதான் மன்னிக்க முடியாதது. மேசைக்குக் கீழே இரண்டு வாளிகள் உண்டு. ஒன்றில் சக்குலன்டுக்கென்று மணலும் பொடிக்கல்லும் கலந்த மண், சீக்கிரம் காயும். இன்னொன்றில் தேங்காய் நார்த்தூள் நிறையக் கலந்த கறுப்பு மண், குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கை வழக்கம்போல மணல் வாளிக்குப் போனது. போனமுறை இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டதே, இருபத்து நாலுக்கு மேல் போன அந்த நாலு நாளும் கேட்டையே பார்த்துக்கொண்டு இருந்தோமே என்று ஓர் எண்ணம் வந்தது. கை திரும்பிக் கறுப்பு மண்ணை அள்ளியது. அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, "எவ்வளவு பொறுமையா வைக்கிறீங்கண்ணா" என்றாள். அவர் நிமிராமல் மண்ணை அழுத்தினார்.

பத்தொன்பதாம் நாளே வந்துவிட்டாள். அது ஐந்தாம் தடவை. மகள் முழுகாமல் இருக்கிறாள், ஏழாம் மாதம், பிரசவத்துக்கு வந்து கூட இரு என்று கூப்பிடுகிறாள் என்றாள். "சந்தோஷமான விஷயமாச்சே, போயிட்டு வாங்க" என்றார் இவர். "பாக்கலாம்ணா" என்றாள். அன்றைக்கு அதிகம் பேசவில்லை.

அவள் போன பிறகு முதலாளியம்மா வந்து நின்றாள். "அந்தக் கிண்ணத்தம்மா மாசம் தவறாம வர்றாங்களே! இப்பத்தான் நீங்க வியாபாரம் கத்துக்கிட்டீங்க. அந்தக் கல்லுப் பொட்டலத்தையும் ஒண்ணு தள்ளி விடுங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாள். பதினேழு வருஷத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த தடவை வரட்டும், சொல்லிவிடுகிறேன் என்று முடிவெடுத்தார். அந்த முடிவை அந்த வாரத்தில் எத்தனை தடவை மாற்றினார் என்பதை நான் சொல்லப்போவதில்லை, அசிங்கம்.

ஆறாம் தடவை வந்தபோது அவள் கிண்ணத்தைத் துண்டில் சுற்றவில்லை. சாப்பிட்டீர்களா என்றும் கேட்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"உக்காருங்கம்மா. அதே அளவுல ஒண்ணு இருக்கு."

"வேண்டாம்ணா. கிண்ணத்தை நீங்களே வச்சுக்குங்க. சும்மா கிடக்குதேன்னு கொண்டாந்தேன்."

"மக கேட்டா?"

"செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன். அஞ்சு செத்துச்சு, இது ஆறாவதுன்னும் சொல்லிட்டேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் வரலைன்னும் சொல்லிட்டேன். அவ ஒரே அழுகை. எதுக்கும்மா வர மாட்டேங்கறன்னு கேக்குறா. என்னத்தைச் சொல்றது? பச்சைக் குழந்தைண்ணா. அதை இந்தக் கையில குடுன்னு எப்படிக் கேப்பேன்? ஒரு செடிகூட நிக்க மாட்டேங்குது."

ராசியில்லாத கை என்று விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! இல்லை, அதுவும் பொய். விளையாட்டு இல்லை என்று தெரியும். தெரிந்துதான் தெரியாத மாதிரி இருந்தார்.

கிண்ணத்தை எடுத்தார். செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மண்ணைக் கையால் அணைத்துக்கொண்டு சாய்த்தார். குபுக்கென்று கறுப்புத் தண்ணீர் கொட்டி அவர் செருப்பை நனைத்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா? இத்தனையும் உள்ளேயே கிடந்திருக்கு. இந்தக் கிண்ணத்துக்கு அடியில ஓட்டை இல்லம்மா. நீங்க ஊத்தினது ரெண்டு ஸ்பூன்தான், ஆனா ஒரு சொட்டும் வெளிய போகல. வேர் தண்ணிக்குள்ளயே நின்னு அழுகிப்போச்சு. அழுகினதும் இலை வாடும். வாடுதேன்னு நீங்க இன்னும் ஊத்துவீங்க." பக்கத்து மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியை எடுத்து, தட்டி, செடியை வேரோடு உருவிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று வேர். "இது அடியில நாலு ஓட்டை போட்டது. இதையும் மனுஷக் கைதான் வளத்துச்சு. உங்க கையில ஒண்ணும் இல்லம்மா. யார் வச்சாலும் அந்தக் கிண்ணத்துல நிக்காது. நான் வச்சாலும் நிக்காது."

அவள் வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பத்திலிருந்து தெரியும்ணா?"

இப்பத்தான் தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அவள் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள், குழந்தையைக் காட்ட ஒருநாள் வந்தாலும் வந்திருப்பாள். அந்தக் கணக்கு அவர் மனசில் ஓடாமல் இல்லை.

"முதல் நாளே தெரியும்மா."

"என்னது?"

"முதல் நாள் தூக்கிப் பாத்தப்பவே தெரியும். ஒரு தடவை சீக்கிரம் அழுகட்டும்னு மண்ணைக்கூட மாத்திப் போட்டேன். செடியைக் கொன்னது கிண்ணமும் நானும்தான். நீங்க இல்ல."

"ஏன்?"

"செடி பொழைச்சுட்டா நீங்க வர மாட்டீங்களே."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். கறுப்புத் தண்ணீர் மேசைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சு மாசம்" என்றாள் அந்த அம்மா. "அஞ்சு மாசமா இந்தக் கையைப் பாத்துப் பாத்து அழுதிருக்கேன். அவரையும் நான்தான் சரியாப் பாக்கலையோன்னு நெனைச்சு நெனைச்சு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேரம் கிடைச்சா சும்மா வந்து உக்காந்து பேசிட்டுப் போங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வந்திருப்பேனே! எனக்கு மட்டும் வீட்டுல யாரு இருக்கா?"

சத்தியமாக, இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஐம்பத்தேழு வயதுவரைக்கும் அவர் யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை.

அவள் கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் நின்று போனை எடுத்தாள். முதுகு இவர் பக்கம்.

"அம்மாதான்டி பேசறேன்... அழாத, நான் சொல்றதைக் கேளு. டிக்கெட் போடு. ஆமா, வரேன். நாளைக்கே வேணும்னாலும் போடு." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. "நான் சாகடிக்கலடி. நான் எதையும் சாகடிக்கல. கிண்ணத்துல ஓட்டை இல்லையாம், அவ்வளவுதானாம்... யாரு சொன்னாங்களா? யாரோ ஒருத்தர், இங்க கடையில வேலை பாக்குறவர்."

பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டிவிட்டாள்.

அந்த 'யாரோ ஒருத்தர்' அவர் காதில் நன்றாக விழுந்தது. சரியாகத்தான் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டார். குழந்தைக்கு அந்தக் கை கிடைக்கப்போகிறது என்கிற சந்தோஷமும் அவருக்கு இருந்தது, பொய் இல்லை, நெஞ்சு நிறைய இருந்தது. அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலவும் இருந்தது. சுற்றிலும் பார்த்தார். சொல்ல அவருக்கு அந்த அம்மாவைத் தவிர வேறு ஆள் இல்லை.